நடு வால்வு தொடாத புத்தகம்

மூன்றாம் எண் புத்தகத்தின் முதல் பயிற்சியைப் பேண்டு டீச்சர் ஊத ஆரம்பித்தபோது காலை பத்தரை மணி. இரண்டாவது வரி முடிவதற்குள் மூன்றாவது வரி அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் இன்னும் அங்கே போகவில்லை, உதடு முந்திக்கொண்டு போய்விட்டது. டிரம்பெட்டை மடியில் வைத்துவிட்டுப் புத்தகத்தை மூடி மேலட்டையைப் பார்த்தாள். அதன்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி 3 என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். ஆசிரியர் பெயர் காகிதத்துக்கு அடியில் இருந்தது. ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் அவள் எழுதியது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், இருபது வயதில், எண்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதியது.

கல்வி அலுவலகத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். நாற்பது பள்ளிக்கூடங்களில் டிரம்பெட்டும் டிராம்போனும் ஊதும் பிள்ளைகளுக்கு உதட்டுப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழுவில் மூன்று பேர். தலைமை ஆய்வாளர் அம்மாள். சங்கீதத்துக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆனால் விதிகளில் கெட்டி. அடுத்தவர் டிராம்போன்காரர், ராணுவ பேண்டில் முப்பது வருஷம் ஊதி ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் பட்டாளத்தார் என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் நம் டீச்சர். சிபாரிசு நுழையக் கூடாது என்பதற்காக ஆய்வாளர் அம்மாள் எல்லாப் புத்தகத்திலும் ஆசிரியர் பெயர், படம், நன்றிப் பக்கம் என்று ஒன்று விடாமல் காகிதம் ஒட்டி மறைக்கச் சொல்லியிருந்தார். சத்தம் போடுகிற வேலை என்பதால் மாடியில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

விரலை அசைக்காமல், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மட்டுமே ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதுதான் உதட்டுப் பயிற்சி. கேட்க ஒன்றும் இருக்காது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அது பழகாதவன் மேல் சுரம் வேண்டும் என்றால் மவுத்பீஸை முகத்தில் வைத்து அழுத்துவான். உதடு வீங்கும். பிறகு ஒரு மாசம் சும்மா உட்கார வேண்டியதுதான். அதனால் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் விளையாட்டுக் கூடாது.

ஒன்றாம் எண் புத்தகம் தலையணைக் கனம், எல்லாம் தெரிந்தவனுக்கு எழுதியது. நாலாம் எண் மூன்றாம் பக்கத்திலேயே உச்சிக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளின் வாயைக் கிழிக்க வேறு ஆயுதம் வேண்டாம். இரண்டாம் எண் ஒல்லியாக, பார்வைக்குச் சுமாராக இருந்தது. ஆனால் படிப்படியாக ஏறியது, ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு கொடுத்தது, ஏழு அழுத்தலும் அதில் இருந்தன. டிரம்பெட்டில் மூன்று வால்வு. எதையும் தொடாமல் விடுவதையும் சேர்த்தால், வெவ்வேறாக ஒலிக்கும்படி அவற்றை ஏழு விதமாகப் பிடிக்கலாம். ஒவ்வொரு உதட்டுப் பயிற்சியையும் அந்த ஏழிலும் ஊதிப் பழக வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

மூன்றாம் எண் புத்தகத்தில் ஏழு இல்லை, நாலுதான் இருந்தது. மொத்தம் அறுபத்து நாலு பயிற்சி. ஒன்றில்கூட நடு வால்வைத் தொடவில்லை.

ஏன் தொடவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். துறைமுக பேண்டில் அவளைச் சேர்த்துவிட்டவர் அக்காவின் புருஷன். அத்தான்தான் அங்கே முதல் டிரம்பெட். வாத்தியங்கள் வைக்கிற அறையின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். முதல் ஒத்திகையில் ஒரு மேல் சுரத்தில் அத்தானுக்கு ஊதல் பிசகியது. அதே சுரத்தை, யாரோ கொடுத்த இரவல் டிரம்பெட்டில், கடைசி வரிசையில் நின்ற மச்சினி சுத்தமாகப் பிடித்துவிட்டாள். பேண்டே திரும்பிப் பார்த்தது. மறுநாள் அவளுக்குப் பதினோராம் நம்பர் டிரம்பெட்டைக் கொடுத்தார்கள். அதன் நடு வால்வு இறுகிப்போய் அசையாது. சரி பண்ணித் தருகிறேன் என்று அத்தான் மாசாமாசம் சொன்னார். இரண்டு வருஷம் சொன்னார். பாதிச் சுரம் வராத வாத்தியத்தை வைத்துக்கொண்டு அவள் பேண்டின் கடைசியில் நின்று, மிச்சப் பாதியை உதட்டாலேயே சமாளித்தாள். அப்படிச் சமாளிப்பதற்காகத் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பயிற்சிகள்தான் அந்த நோட்டு முழுக்க.

பிறகு ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூர் போனபோது நோட்டு இருந்த பெட்டியை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வருஷம் கழித்து வந்து கேட்டால், கறையான் அரித்துவிட்டது என்று அத்தான் ஒரு கை மண்ணையும் காகிதத் தூளையும் காட்டினார். அவள் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் திரும்ப எழுத அவளுக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நல்ல வாத்தியம் கிடைத்தது, அந்த நோட்டு தேவைப்படவும் இல்லை. கறையானை மட்டும் பல வருஷம் சபித்தாள். பாவம், அது ஒரு வாயில்லாப் பூச்சி.

அந்தக் கறையான் இப்போது அச்சேறி, அட்டை போட்டு, நாற்பது பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிவிட்டது.

டீச்சர் புத்தகத்தைத் தள்ளிவைத்தாள். துக்கம் இல்லை, சுத்தமான கோபம். உடனே எழுந்து ஆய்வாளர் அம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? விசாரணை என்று ஒரு காகிதம் போகும், அத்தான் பதிலுக்கு நாலு காகிதம் அனுப்புவார், ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். நோட்டைத்தான் கறையான் தின்றுவிட்டதே. அவளுக்குக் காகிதம் வேண்டாம். அத்தானை நேரில் எதிரே நிற்கவைக்க வேண்டும். நாலு பேர் பார்க்க அவர் முகம் செத்துப்போவதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு வழி விதியிலேயே இருந்தது. அதிக மதிப்பெண் வாங்கும் இரண்டு புத்தகங்களின் ஆசிரியர்கள் மூன்று வாரம் கழித்து நேரில் வந்து குழுவுக்கு ஊதிக் காட்ட வேண்டும். ஒருவனைக் கீழே தள்ள வேண்டும் என்றால் முதலில் பல்லக்கில் ஏற்ற வேண்டும். டீச்சர் மூன்றாம் எண்ணுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டாள். 'சொந்தச் சிந்தனை' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைத் தானே இவ்வளவு புகழ்ந்துகொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. இந்த நூல்களின் ஆசிரியர் எவரும் எனக்கு உறவினர் என்று நான் அறியேன் என்ற படிவம் ஒன்று இருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டாள். பொய்தான். அவளுக்கு உறுத்தவே இல்லை.

பட்டாளத்தார் அந்தப் புத்தகத்துக்கு முப்பதுதான் போட்டிருந்தார். கை ஊனமானவன் எவனோ எழுதியதுபோல இருக்கிறது, பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தால் பாதி வாத்தியம் தெரியாமலே வளரும் என்றார். ஓய்வு எங்கெங்கே வருகிறது பாருங்கள், மூச்சுக்கு எப்படி இடம் விட்டிருக்கிறது பாருங்கள் என்று டீச்சர் அரை மணி நேரம் வாதாடினாள். அவர் இறங்கிவந்து ஐம்பதாக்கினார். டீச்சர் இவ்வளவு சொல்கிறார்களே என்று ஆய்வாளர் அம்மாளும் தாராளமாகப் போட்டார். இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் தேறின.

அந்த மூன்று வாரமும் டீச்சர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வகுப்பில் பிள்ளைகள் பிசகி ஊதினால்கூடத் திட்டவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அறுபத்து நாலையும் ஞாபகத்திலிருந்து ஊதிப் பார்த்தாள். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அத்தான் எல்லோர் முன்னாலும் "இவளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று சிரித்த நாளும் அதில் இருந்தது.

குறித்த நாளில் இரண்டாம் எண் புத்தகத்தின் ஆசிரியர் முதலில் வந்தார். கூச்சப்பட்ட மனுஷர். பத்து நிமிஷம் ஊதிவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து அத்தான் வந்தார். கோட்டு, பளபளக்கும் வெள்ளி முலாம் டிரம்பெட், ஊரே தன்னைப் பார்ப்பதாக ஒரு நடை. பின்னாலேயே அக்கா, புத்தகப் பிரதிகள் நிறைந்த பையைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தான் டீச்சரைப் பார்த்ததும், பழைய நோட்டு அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்ற தைரியத்தில், பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் மலர்ந்தார். ஆய்வாளர் அம்மாளிடம், "என் மச்சினிங்க. இவளுக்கு டிரம்பெட் பிடிக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தான்" என்றார்.

ஆய்வாளர் அம்மாளின் பேனா நின்றது. உறவினர் படிவம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"என்னை அப்புறம் கேளுங்க மேடம், ஒளிக்காமச் சொல்றேன்" என்றாள் டீச்சர். "முதல்ல நான் இவரை ஒண்ணு கேட்டுக்கறேன். இந்தப் புத்தகத்துல நடு வால்வை எங்கயுமே தொடலையே, ஏன் அத்தான்?"

அத்தான் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்தார். அதுதான் புத்தகத்தின் புதுமை என்றார். நடுவிரல் கைக்கு நடுநாயகம், அது அசைந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால் மூச்சு அசையும், ஆகவே தொடக்கத்தில் நடுவிரலைத் தூங்கவிட வேண்டும், இது தன்னுடைய இருபது வருஷ ஆராய்ச்சி என்றார். முன்னுரையிலும் அப்படியேதான் எழுதியிருந்தது. ஆய்வாளர் அம்மாள் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

பட்டாளத்தார் தன் டிராம்போனைத் தூக்கிக் காட்டினார். "இதுல விரலுக்கும் வேலை இல்ல, வால்வும் கிடையாது. குழாயை இழுத்து ஏழு இடத்துல நிறுத்தணும், அவ்வளவுதான். டிராம்போன் பக்கத்துலயும் ரெண்டாவது, அஞ்சாவது, ஏழாவது இடத்தை விட்டுட்டீங்களே. இங்க எந்த விரல் தூங்குது?"

அத்தான் மவுத்பீஸைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். டிரம்பெட் பயிற்சியை அப்படியே டிராம்போனுக்கு மாற்றி எழுதியபோது அவருக்கு இது உறைக்கவில்லை. எதற்காக அந்த இடங்கள் விடுபட்டன என்று தெரிந்தவனுக்கல்லவா உறைக்கும்.

டீச்சர் எழுந்தாள். தன் முன்னால் இருந்த புத்தகத்தைப் பட்டாளத்தார் பக்கம் தள்ளிவிட்டு, டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஏதாவது ஒரு எண் சொல்லுங்கள் என்றாள். பட்டாளத்தார் பதினேழு என்றார். ஊதினாள். நாற்பது என்றார். ஊதினாள். ஐம்பத்தெட்டு என்றார். அதையும் ஊதினாள். பட்டாளத்தார் வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். இப்படி ஏழு எண் கேட்டதும், போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

டீச்சர் திரும்பினாள். "பதினோராம் நம்பர் டிரம்பெட்டு மேடம். நடு வால்வு இறுகிப்போனது. இவர்தான் அதை எனக்குக் குடுத்தார், ரெண்டு வருஷம் சரி பண்ணித் தரல. அதை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஊதிப் பொழைச்சேனோ அதுதான் இந்தப் புத்தகம். நோட்டைக் கறையான் தின்னுடுச்சுன்னு சொன்னார். எனக்குப் பண்ணின அநியாயத்தைத்தான் தான் காப்பியடிக்கறோம்னுகூட இவருக்குத் தெரியல."

அத்தானின் முகம், அவள் மூன்று வாரமாகக் கற்பனை பண்ணிய மாதிரியே, செத்துப்போயிற்று. "இதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசிக்கற விஷயம்மா" என்றார். குரல் எழும்பவே இல்லை. "அடுத்த பதிப்புல உன் பேரையும் சேத்துப் போட்டுடறேன்."

திருடன் தானாகவே ஒப்புக்கொண்டதை ஆய்வாளர் அம்மாள் வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். டீச்சருக்கு உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. இவ்வளவு நல்லாயிருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

தெரிந்தேதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று ஆய்வாளர் அம்மாள் கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் உங்கள் மதிப்பெண் செல்லாது, குழுவிலும் நீங்கள் இருக்க முடியாது என்றார். சரி என்றாள். பிறகு ஆய்வாளர் அம்மாள் கொஞ்சம் தயங்கிவிட்டு, இது உங்கள் புத்தகம் என்றால் உங்கள் பெயரிலேயே அச்சிட்டுக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார்.

"வேணாம் மேடம், தள்ளிடுங்க. எனக்குக் குடுத்த பழுதான வாத்தியத்துக்கு நான் போட்டுக்கிட்ட ஒட்டு அது. நல்ல வாத்தியம் வெச்சிருக்கற பிள்ளைங்க என் பழுதை எதுக்குக் கத்துக்கணும்? ரெண்டாம் நம்பர்தான் நல்ல புத்தகம்."

அதைச் சொல்வது மட்டும் அவளுக்குச் சுலபமாக இல்லை. அறுபத்து நாலும் அவள் பெற்ற பிள்ளைகள். எதிராளிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஆனால் அவள் சொன்னது உண்மையும்கூட. பட்டாளத்தார் எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அத்தான் பெட்டியை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

டீச்சர் வெளியே வந்தபோது அக்கா மாடிப்படித் திருப்பத்தில் பையோடு நின்றிருந்தாள். ஏண்டி இப்படி என் மானத்தை வாங்கினாய் என்று கேட்பாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று டீச்சர் மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள். அக்காவின் கண்ணில் ஈரமே இல்லை. சிரித்தாள்.

"நல்லாக் கேட்ட. நீ கண்டுபிடிப்பியா மாட்டியான்னு மூணு வாரமா எனக்குத் தூக்கமில்ல."

டீச்சருக்குப் புரியவில்லை. அக்கா அவசர அவசரமாகச் சொன்னாள். போன வருஷம் நோட்டைப் பார்த்து மூன்று மாசம் கண் நோக நகல் எடுத்தவள் அவள்தான். அழுத்தல்கள் குறைகின்றன, ஏழையும் போட்டுவிடு என்று அத்தான் சொன்னாராம். வேண்டாம், இதுதான் புதுமை என்று தடுத்து, நடுவிரல் தத்துவத்தையும் எழுதிக்கொடுத்தாளாம். குழுவில் தங்கச்சி இருக்கிறாள் என்று தெரிந்து, தபாலில் சேர்த்ததும் அவளே. எல்லாம் எதற்கு? நகல் எடுக்கும்போதே அவர் எழுதிவைத்திருந்த நன்றிப் பக்கத்தில் துறைமுக அதிகாரிக்கு நன்றி இருந்தது, அச்சகத்துக்கு நன்றி இருந்தது, வால்வுக்கு எண்ணெய் விற்ற கடைக்காரனுக்குக்கூட நன்றி இருந்தது. பெண்டாட்டி பெயர் இல்லை.

"அன்னிக்கு அவர் சொன்னபடி ஏழையும் போட்டிருந்தா உன்னோடதுன்னு சொல்ல என்ன அடையாளம் மிஞ்சியிருக்கும்? உனக்காகத்தான் விட்டு வெச்சேன்."

"நோட்டு பத்திரமா இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லேர்ந்தே தெரியும்."

"நான் அழுதப்போ?"

"அப்போ எனக்கு அவர் மேல கோபம் இல்லையே" என்றாள் அக்கா, ரொம்ப இயல்பாக.

போன வருஷம் நகல் எடுத்தபோதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று டீச்சர் கேட்டாள்.

"சொன்னா நீ மன்னிச்சுடுவ. உனக்கு எப்பவும் அந்தப் புத்திதான். அப்புறம் அவரை யார் கேக்கறது?"

மூன்று வாரம் சாப்பிடாமல் வளர்த்த பழி தன்னுடையது என்றுதான் டீச்சர் நினைத்திருந்தாள். அதுவும் அக்கா எழுதிக்கொடுத்ததாம். நோட்டைத் திருடியவர் அத்தான், கோபத்தைத் திருடியவள் அக்கா. உள்ளே ஏதோ ஒன்று, அத்தானைப் பார்த்தபோதுகூட வராத ஒன்று, ஜில்லென்று கெட்டியாயிற்று.

இனி அந்த வீட்டில் காலெடுத்து வைக்க முடியாது, உன்கூடவே வந்துவிடுகிறேன், பின்னறை காலியாகத்தானே கிடக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். அத்தான் காரில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான் காத்துட்டு இருக்கார்க்கா."

"இருக்கட்டும். நான் போகப்போறதில்ல."

"போகணும். புத்தகத்தை ரெண்டு பேரும் சேந்துதானே எழுதினீங்க."

அக்காவின் கையிலிருந்த பையை டீச்சரே வாங்கிக்கொண்டாள். படியிறங்கினாள். வேறு வழியில்லாமல் அக்கா பின்னாலேயே வந்தாள். டீச்சர் பையைப் பின் சீட்டில் வைத்து, முன் கதவைத் திறந்து பிடித்தாள். அக்கா ஏறுகிறவரை கதவை விடவில்லை. பிறகு குனிந்து அத்தானைப் பார்த்து, நிதானமாக, பாடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஏழையும் போட வேணாம்னு அக்கா ஏன் சொன்னா, இந்தப் புத்தகத்தை என்கிட்ட யார் அனுப்பினது, ரெண்டையும் அவகிட்டயே கேளுங்க அத்தான். வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகுமே, அதுக்குள்ள சொல்லிடுவா."

அத்தானின் தலை மெல்ல அக்கா பக்கம் திரும்பியது. டீச்சர் கதவைச் சாத்திவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பின்னால் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அவள் திரும்பவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் மன்னித்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.